கனரக வாகனங்களுக்குத் தற்காலிகத் தடை: லாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரவு பதினோரு மணிக்கு மேல் தொலைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் பாதி தெரிந்துவிடும். “அண்ணா, பாலத்துக்கு முன்னால் தடுப்பு வைத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புவது?” என்று ஓட்டுநர் கேட்பார். பின்னால் வரும் வண்டிகளின் ஹாரன் சத்தமும் சேர்ந்து கேட்கும். உத்தரவில் கையெழுத்து விழுந்து நான்கு நாள் ஆகியிருக்கும். அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு அது தடுப்பின் முன்னால் நிற்கும்போதுதான் தெரிகிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, சட்டத்தைப் படித்தும் அனுபவத்தில் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

கனரக வாகனங்கள் போகக்கூடாது என்று திடீரென்று தடை போடுகிறார்களே, அதற்குச் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115-ஆம் பிரிவு. பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுமக்களின் வசதி, அந்தச் சாலை அல்லது பாலத்தின் தன்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு காரணத்துக்காக, ஒரு பகுதியிலோ ஒரு சாலையிலோ எல்லா வாகனங்களையும் அல்லது ஒரு வகை வாகனங்களை மட்டும் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும், மாநில அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் அந்தப் பிரிவு உரிமை தருகிறது. நடைமுறையில் மாவட்டத்தில் ஆட்சியரும், மாநகரில் காவல் ஆணையரும் உத்தரவு போடுகிறார்கள். நெடுஞ்சாலைத் துறையோ வனத்துறையோ ஆட்சியருக்கு எழுதிக் கேட்பதுதான் பெரும்பாலும் தொடக்கம்.

இந்தப் பிரிவில் வரும் ஒரு வரியை ஒவ்வொரு லாரி உரிமையாளரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். தடை போட்டால், அதற்குரிய போக்குவரத்துக் குறிகளைத் தகுந்த இடங்களில் 116-ஆம் பிரிவின்படி வைக்கச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பலகை வைப்பது அதிகாரிகள் மனமிரங்கிச் செய்யும் உதவி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது.

புயல், வெள்ளம், கலவரம் என்று வந்தால்?

வேறு சட்டங்களும் உண்டு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, 34-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வரும், அங்கிருந்து போகும், உள்ளே ஓடும் வாகனங்களை மாவட்ட நிர்வாகம் கட்டுப்படுத்தலாம். சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றால் முன்பு 144 என்று சொன்னோமே, அது 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163-ஆம் பிரிவு. அந்த உத்தரவு பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. மாநில அரசு தேவை என்று கருதினால்தான் நீட்டிக்க முடியும்.

அரசிதழில் வராத தடை செல்லுமா? “பத்திரிகையில் வந்ததெல்லாம் சட்டமா?” என்று எங்கள் முதலாளி கேட்கிறார்.

ஒரு மாதம் வரைக்கும் செல்லும். ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை என்று அதே 115-ஆம் பிரிவு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் சூழ்நிலை அனுமதிக்கும் அளவுக்கு அந்த வட்டாரத்தில் விளம்பரம் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தே வருகிறது. செய்திக்குறிப்பு, நாளிதழ் செய்தி, ஒலிபெருக்கி, சாலையோரப் பலகை எல்லாம் அந்த விளம்பரத்தில் அடங்கும்.

ஆகவே முதலாளிக்கு இப்படிச் சொல்லுங்கள்: திருவிழாவுக்காகப் பத்து நாள் தடை என்று நாளிதழில் வந்திருந்தால், அரசிதழைக் காட்டச் சொல்லி வாதாடுவதில் பயனில்லை. அதே தடை நான்கு மாதமாக நீடிக்கிறது என்றால், “அரசிதழ் அறிவிக்கை எங்கே?” என்று கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

“கனரக வாகனம்” என்றால் எது? என்னுடையது ஆறு சக்கர லாரிதான்.

சக்கரத்தை எண்ணாதீர்கள், ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் பதிவாகியிருக்கும் மொத்த எடை, அதாவது வண்டியும் அது ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்ட சரக்கும் சேர்ந்த எடை, 12,000 கிலோவைத் தாண்டினால் சட்டப்படி அது கனரகச் சரக்கு வாகனம். 7,500 கிலோ வரை இலகுரகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நடுத்தரம். ஆறு சக்கர லாரியில் மூன்று வகையும் உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம்.

உத்தரவின் வாசகத்தையும் கவனித்துப் படியுங்கள். “சரக்கு வாகனங்கள்” என்று எழுதியிருந்தால் சின்ன வண்டியும் மாட்டிக்கொள்ளும். “பத்துச் சக்கரத்துக்கு மேற்பட்டவை” என்றால் டாரஸ் எனப்படும் பெரிய லாரிகளில் பத்துச் சக்கரம் தப்பும், பன்னிரண்டு தப்பாது. “கனரக வாகனங்கள்” என்று மட்டும் இருந்தால் ஆம்னி பஸ்ஸுக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் பொருந்துமா என்ற தகராறு வரும். உத்தரவு எழுதுகிறவர்கள் ஒரு வரி கூடுதலாகச் செலவழித்து எந்த வண்டி, எத்தனை டன், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிவிட்டால் சாலையில் நடக்கும் வாக்குவாதம் பாதி குறையும்.

காலி லாரிக்கும் தடை உண்டா?

வகையை வைத்துப் போட்ட தடை என்றால் உண்டு. மேலே சொன்னபடி கணக்கு பதிவு எடையில்தான். அன்றைக்கு வண்டியில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் சேராது. பள்ளி நேரத்தில் நகரத்துக்குள் வராதே என்றால் காலி டிரெய்லரும் வரக்கூடாது. குழந்தை சைக்கிளில் போகும் தெருவில் காலி டிரெய்லரும் அதே நீளம்தான், ஓட்டுநரின் இடப்பக்கத்துக் கண்மறைவும் அதே அளவுதான்.

இதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அத்தியாவசியச் சரக்கு போகலாம் என்றார்கள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய காலி லாரிகள் எல்லைகளில் நிறுத்தப்பட்டன. இறக்கிய வண்டி திரும்பி வராமல் அடுத்த சரக்கை எப்படி ஏற்றும்? ஏப்ரல் நடுவில் மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில்தான், இரண்டு ஓட்டுநர்களும் ஓர் உதவியாளரும் இருக்கலாம், இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியும் ஏற்றப் போகும் வண்டியும் காலியாக ஓடலாம் என்று பளிச்சென்று எழுதினார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் பூட்டிக் கிடந்த ஓட்டல்களின் முன்னால் பிஸ்கட்டும் தண்ணீருமாக எங்கள் ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

பாலத்துக்கு முன்னால் சிவப்பு வட்டத்துக்குள் டன் கணக்கு எழுதியிருக்கிறது. அது பதிவு எடையா, இப்போது இருக்கும் எடையா?

பாலத்தின் மேல் ஏறப்போகும் உண்மையான எடை. இங்கே காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. வட்டத்துக்குள் வெறும் டன் இருந்தால் வண்டியின் மொத்த எடை; எண்ணுக்குப் பக்கத்தில் அச்சும் இரண்டு சக்கரமும் வரைந்திருந்தால் ஓர் அச்சின் மேல் விழும் எடை. சரக்கைப் பின்பக்கமாகக் குவித்து ஏற்றினால், மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சில் மாட்டிக்கொள்வீர்கள். எடை மேடைச் சீட்டில் மொத்த எடைதான் இருக்கும். அச்சுக் கணக்கை லோடு கட்டும்போதே ஓட்டுநர் பார்த்தாக வேண்டும்.

நேற்று வரை அந்தப் பாலத்தில்தான் போனேன். இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிட்டது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தடை என்றாலே கோபப்படுகிறோம். பாலத்தின் விஷயத்தில் அந்தக் கோபம் தவறு என்பது என் எண்ணம்.

திருச்சியில் சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் திறந்த பாலம். அதில் லோடு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், சீரான இடைவெளியில் சக்கரம் “தடக், தடக்” என்று இறங்கி ஏறும். அது தளத்துக்கும் தளத்துக்கும் நடுவில் விடப்பட்ட இடைவெளி. வெயிலில் கான்கிரீட் விரியவும் குளிரில் சுருங்கவும் அந்த இடம் வேண்டும். அங்கே பொருத்திய இணைப்பு தேய்ந்து பள்ளமானால் ஒவ்வொரு சக்கரமும் தளத்தின் விளிம்பில் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். மழைநீர் அந்த வழியாக உள்ளே இறங்கித் தாங்கிகளை அரிக்கும். 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்புக்காக அந்தப் பாலத்தை மூடி, முதலில் இருசக்கர வாகனங்களை மட்டும் விட்டார்கள். பிறகு அவற்றையும் நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஆறு மாதம் ஊர் முழுக்கச் சுற்றிப் போனது, புலம்பியது. அதே பாலத்தைத்தான் இன்றைக்குப் பயன்படுத்துகிறோம்.

பக்கத்திலேயே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம். 1928-ல் கட்டியது. புதிய பாலம் வந்த பிறகு இதில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றுக்குள் போனது. மேலே ஒரு வண்டியும் இல்லாததால் ஓர் உயிரும் போகவில்லை.

குஜராத்தில் அப்படி நடக்கவில்லை. 2025 ஜூலை 9 அன்று காலையில், வடோதரா மாவட்டத்தையும் ஆனந்த் மாவட்டத்தையும் இணைக்கும் கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி மஹி ஆற்றில் விழுந்தது. லாரிகளும் வேன்களும் ஆற்றுக்குள் போயின. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். உடைந்த விளிம்பில் ஒரு டேங்கர் லாரி பாதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பல நாள் அப்படியே நின்றது. அந்தப் படத்தைப் பார்க்காத லாரிக்காரர் இருக்க மாட்டார். அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் பல பாலங்களில் கனரக வாகனங்களைத் தடுத்தார்கள். அந்த ஒரு பாலத்தில் அதற்கு முந்தைய நாளே தடுப்பு வைத்திருந்தால், அன்று காலை அங்கே வந்த ஓட்டுநர்கள் கோபத்தோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சாலைக்கும் அப்படித்தானா? நாலு டன் கூடுதலாகப் போட்டால் சாலை என்ன ஆகிவிடும்?

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்காகவே சாலை போட்டு, அதன்மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை கூடும்போது சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அதாவது அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. பத்து டன் அச்சில் பன்னிரண்டு டன் ஏற்றினால், நீங்கள் கூடுதலாகக் கொண்டுபோவது ஐந்தில் ஒரு பங்கு. சாலைக்கு வரும் அடி இரண்டு மடங்கு.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆனது, மூன்று அச்சுக்கு 25-லிருந்து 28.5 ஆனது. தனி அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 ஆனது. நான்காம் அடுக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அந்த ஓர் அச்சால் வரும் சேதம் மட்டும் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. வரம்பு உயர்ந்த அன்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்ந்தோம். நாங்கள் ஓடும் கிராமச் சாலைகளும் பழைய பாலங்களும் அந்த ஒரே நாளில் பலம் கூடிவிடவில்லை. இன்றைக்குச் சாலைகளில் இத்தனை தற்காலிகத் தடைகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

திம்பம் வழியாக மைசூரு போகலாமா?

சத்தியமங்கலத்திலிருந்து சாமராஜநகர் போகும் 948-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது திம்பம். 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் வாகனங்களைத் தடுக்க 2019-லேயே ஈரோடு மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட்டிருந்தார். நடைமுறைக்கு வராமல் கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2022 பிப்ரவரி 10 முதல் பண்ணாரிக்கும் காராப்பள்ளத்துக்கும் நடுவே இரவுத் தடை அமலானது. தாளவாடி மலைக்காரர்கள் போராடினார்கள். அவர்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கீழே இறங்க வேறு வழி ஏது? அதன்பின் உள்ளூர் மக்களுக்குத் தளர்வு கிடைத்தது, பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இறுகியது. பெரிய டாரஸோ டிரெய்லரோ கொண்டுபோகிறீர்கள் என்றால், பகலாக இருந்தாலும் பண்ணாரிச் சோதனைச் சாவடியில் என்ன நடைமுறை என்று அன்றன்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

அது புலிகள் காப்பகம். கரும்பு லாரி ஏறி வந்தால் யானை சாலையில் வந்து நின்றுவிடும். காராப்பள்ளத்தில் யானை தும்பிக்கையால் கரும்பை உருவியெடுக்க, குட்டி பக்கத்தில் நிற்பதை எங்கள் ஓட்டுநர்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், கரும்பை வீசிவிட்டுப் போகவும் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். கரும்புக்காகச் சாலைக்கு வரப் பழகிய யானை, அடுத்த லாரியின் முன்னாலும் வந்து நிற்கும்.

பந்திப்பூரும் இதே போன்றதுதான். 2009-ல் சாமராஜநகர் துணை ஆணையர் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் போட்ட உத்தரவில் தொடங்கி, இரவு 9 முதல் காலை 6 வரை என்ற தடை இன்றும் தொடர்கிறது. கூடலூர் வழியாக வருகிறவர்கள் ஒன்பது மணிக் கணக்கை வைத்துத்தான் கிளம்ப வேண்டும். எட்டே முக்காலுக்குச் சாவடியைப் பிடிக்க மலையிறக்கத்தில் விரட்டுவதைவிட, மறுநாள் காலை ஆறு வரை தூங்குவது எவ்வளவோ மேல்.

திருவிழாக் காலத்தில்?

தேதி தெரிந்த தடைகள் இவை. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதை, கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிகளுக்கும் திருவண்ணாமலை, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தாம்பரம்–செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலை. நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே திட்டமிடலாம். பாதயாத்திரைக்காரர்கள் இரவெல்லாம் சாலையோரமாக நடக்கிறார்கள், பலர் வெறுங்காலோடு, சிறு குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு. தடை இல்லாத சாலையிலும் அந்த நாட்களில் வேகத்தைக் குறையுங்கள்.

டெல்லிக்குச் சரக்கு போகிறது. அங்கே காற்று மாசுக்காக நிறுத்துகிறார்களாமே?

ஆமாம். காற்றுத் தரக் குறியீடு 450-ஐத் தாண்டும் நாட்களில் நான்காம் கட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்து, லாரிகளை எல்லையில் நிறுத்துவார்கள். அத்தியாவசியப் பொருள், சி.என்.ஜி., எல்.என்.ஜி., மின்சார வண்டி, பி.எஸ். 6 (வண்டிப் புகைக்கான ‘பாரத் ஸ்டேஜ்’ தரம்) டீசல் ஆகியவற்றுக்கு விலக்குக் கொடுப்பது வழக்கம். இது தவிர, 2025 நவம்பர் 1 முதல், டெல்லியில் பதிவாகாத பி.எஸ். 3-ம் அதற்கும் பழைய சரக்கு வண்டிகளும் உள்ளே நுழையவே முடியாது. நவம்பர், டிசம்பர் லோடுக்குப் பழைய வண்டியை அனுப்பாதீர்கள்.

பலகையே இல்லாத இடத்தில் பிடித்து அபராதம் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் டிரெய்லர் ஒன்று இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டு ஒரு மாவட்டச் சாலையில் போனது. பிரதான சாலையிலிருந்து திரும்பும் இடத்தில் எந்த அறிவிப்பும் இல்லை. மூன்று கிலோமீட்டர் உள்ளே போன பிறகு, பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால், தார் டிரம்மில் கட்டிய ஒரு ஃபிளெக்ஸ். அதிலும் பாதியை ஒரு புளியங்கிளை மறைத்திருந்தது. “வாகனங்கள் செல்ல” என்பது மட்டும் தெரிந்தது. நாற்பது அடி டிரெய்லரை அங்கே திருப்ப முடியாது. கிளீனர் கையில் டார்ச்சோடு பின்னால் நடக்க, ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, ஒரு பெட்ரோல் பங்க் வரும் வரை இரண்டு மணி நேரம் ரிவர்ஸ் எடுத்தார். ஒரு பக்கம் வாய்க்கால். அந்த இரண்டு மணி நேரமும் நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பங்க் வாசலில் அபராதமும் எழுதினார்கள்.

அன்றைக்கு நாங்கள் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்யுங்கள். திரும்பிய சந்திப்புக்கே போய், அங்கே பலகை இல்லாததை நேரமும் இடமும் பதிவாகும்படி கைபேசியில் படமெடுங்கள். வண்டியில் கேமரா இருந்தால் அந்தப் பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள். செலானில் எந்தச் சட்டப் பிரிவு என்று பாருங்கள். உத்தரவின் எண்ணையும் தேதியையும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர்க்க விரும்பினால் கட்டாமல், முறைப்படி எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். 115-ஆம் பிரிவு பலகையைக் கட்டாயமாக்கியிருக்கிறது என்பதுதான் உங்கள் வாதத்தின் அடித்தளம். சாலையில் நிற்கும் காவலரிடம் இதைச் சண்டையாகப் போடாதீர்கள். அவரும் பன்னிரண்டு மணி நேரமாக அந்தத் தூசியில் நிற்கிறவர்தான், உத்தரவை எழுதியவர் அவர் இல்லை.

அபராதம் எவ்வளவு? ஓட்டுநர் தலையிலா, உரிமையாளர் தலையிலா?

2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவு எடை மீறலையும் 115-ஆம் பிரிவுத் தடையை மீறுவதையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது: இருபதாயிரம் ரூபாய், கூடுதல் எடை இருந்தால் டன்னுக்கு மேலும் இரண்டாயிரம், அந்தக் கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையது, இறக்காமல் வண்டி நகராது. எடை போட மறுத்தால் நாற்பதாயிரம். இடத்திலேயே தீர்த்துக்கொள்ளும் தொகையை மாநிலங்கள் தனியே நிர்ணயிக்கின்றன. சில இடங்களில் போக்குவரத்துக் குறியை மீறியதாகச் சிறிய தொகைக்கு எழுதுவதும் உண்டு.

ஓட்டியவர், ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்று மூவரையும் சட்டம் குறிப்பிடுகிறது. “போ, பார்த்துக்கொள்ளலாம்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு ஓட்டுநரின் படிக்காசில் அபராதத்தைக் கழிக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அது அநியாயம். வழியை முடிவு செய்தவர் கட்ட வேண்டும்.

தடையால் வண்டி நின்றுவிட்டது. இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) காலாவதியாகப் போகிறது.

தூங்கிவிடாதீர்கள், பணம் போகும் இடம் இதுதான். 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள்தான் கெடு. அளவு மீறிய பெரிய சரக்கு என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்பும், அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் வரையும் இணையத்தில் நீட்டிக்கலாம். வண்டி நிற்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டு எண், மீதித் தூரம், காரணம் ஆகியவற்றைக் கேட்கும். ஆகவே நிற்கும் ஊரின் அஞ்சல் குறியீட்டை ஓட்டுநரிடம் உடனே கேட்டு வாங்குங்கள். வண்டி எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் கெடு நீளாது; பலர் இதில் ஏமாறுகிறார்கள். காலாவதியான பில்லோடு பிடிபட்டால் வரியின் இரு மடங்கு வரை அபராதம் கேட்பார்கள்.

நின்ற நாட்களுக்கு ஹால்டிங் வாடகை கேட்கலாமா?

முன்பே பேசியிருந்தால் கேட்கலாம். பேசவில்லை என்றால் சரக்கு அனுப்பும் பார்ட்டி தரமாட்டார். “அரசுத் தடையால் வண்டி நின்றால் முதல் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு, சுற்றுவழி என்றால் கிலோமீட்டருக்கு இவ்வளவு” என்று லாரி ரசீதிலேயே ஒரு வரி அச்சடித்து வையுங்கள். நாங்கள் சேர்த்த பிறகு இந்தத் தகராறு பெரிதும் குறைந்தது.

பால், மருந்து, கேஸ் வண்டிகளுக்கு விலக்கு உண்டுதானே?

பெரும்பாலான உத்தரவுகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. நேரத் தடையிலும் திருவிழாத் தடையிலும் பால், மருந்து, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, எரிபொருள் வண்டிகளை விடுவார்கள். பலவீனமான பாலத்தில் விடமாட்டார்கள். பாலத்துக்கு எல்லா எடையும் எடைதான். உத்தரவில் உங்கள் சரக்கின் பெயர் இல்லையென்றால், உயிர்க்கோழி போன்ற அவசரச் சரக்குக்கு ஆட்சியர் அலுவலகத்திலோ காவல் ஆணையர் அலுவலகத்திலோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்மொழி அனுமதி அடுத்த சாவடி வரைக்கும்கூடச் செல்லாது.

தடை முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலகை இன்னும் இருக்கிறது.

உத்தரவு போட்டதை அறிவிக்கிறவர்கள் அது முடிந்ததை அறிவிப்பதில்லை. வேலை முடிந்து எட்டு மாதமான பாலத்தின் முன்னால் வெயிலில் வெளுத்த பலகை இன்னும் தொங்குகிறது. ஓட்டுநர்கள் அதைப் பார்த்து முப்பது கிலோமீட்டர் சுற்றுகிறார்கள், அல்லது எல்லாப் பலகையும் பழையதுதான் என்று நினைத்துப் புதிய தடைக்குள்ளும் நுழைகிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

அந்தக் கோட்டத்து நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். உத்தரவின் நகல், அது முடியும் தேதி, நீட்டித்திருந்தால் அரசிதழ் அறிவிக்கையின் நகல், பலகைகள் வைத்த இடங்களின் பட்டியல் என்று நான்கையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான் இதுவரை ஆறு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அவற்றில் இரண்டு, பதில் கைக்கு வருவதற்கு முன்பே பலகையை இறக்க வைத்துவிட்டன.